ரோவீனாவின் இடது கை

மட்லிக் பள்ளத்தாக்கில் பிறந்து அங்கேயே முப்பத்தாறு வருஷம் வாழ்ந்த ரோவீனா கட்லிப்பைப் பற்றி எங்கள் வட்டாரப் பத்திரிகை ஆறு வரி எழுதியது. அதில் நான்கு வரி அவள் புருஷன் டெல்பர்ட்டைப் பற்றியது. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்திரிகையைச் சுருட்டி அடுப்பில் போட்டேன். கோபம் வந்தால் எனக்குச் செய்யத் தெரிந்தது அவ்வளவுதான். அவளைப் பற்றி எழுத எங்கள் ஊரில் வேறு நாதி இல்லை, அதனால் நான் எழுதுகிறேன்.

அவள் முதியோர் இல்லத்தில் சமையல்காரி. விடியற்காலை ஐந்தரைக்குப் போய் எண்பது பேருக்கு மெத்தென்ற பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் செய்வாள். பல் இல்லாதவர்களுக்குக் கோழியை நார் நாராகப் பிய்த்து வைப்பாள். என் அம்மா கடைசி இரண்டு வருஷம் அங்கேதான் கிடந்தாள். யார் ஊட்டினாலும் மூஞ்சியில் துப்புகிறவள், ரோவீனா ஊட்டினால் மட்டும் வாயைத் திறப்பாள். கரண்டி எப்போதும் ரோவீனாவின் இடது கையில்தான் இருக்கும்.

"தப்பான கையால ஊட்டுறா பாரு" என்று அம்மா முணுமுணுப்பாள்.

"சரியான கையால ஊட்டினவங்க மேலதானே பாட்டி அத்தனை துப்பு துப்பினீங்க? பேசாம தின்னுங்க" என்பாள் ரோவீனா.

சிரித்தால் அவள் தாடை ஒரு பக்கமாக இழுக்கும். அது டெல்பர்ட் கொடுத்த சீதனம். நிலக்கரி லாரி ஓட்டுகிறவன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் அடித்தான். பத்தாவது வருஷத் தொடக்கத்தில் வார்ப்பிரும்பு வாணலியால் அடித்துத் தாடையை உடைத்தபோதுதான் ஜெயிலுக்குப் போனான். பதினோரு மாசம். அவன் அவளிடமிருந்து ஐந்நூறு அடி தள்ளித்தான் இருக்க வேண்டும் என்று நீதிபதி ஒரு காகிதமும் கொடுத்தார். ஜெயிலுக்குள்ளிருந்தபடியே டெல்பர்ட் தன் சித்தப்பா மகனிடம் சொல்லியனுப்பினான்: "நவம்பர்ல வெளிய வர்றேன். முதல் வேலையே அவதான்." மட்லிக்கில் இது தெரியாதவன் எவனும் இல்லை. எல்லோரும் உச்சுக் கொட்டினோம். ஷெரிப் ஆபீசும் உச்சுக் கொட்டியது.

அந்த ஆகஸ்ட் மாசம், ஒரு சனிக்கிழமை காலை, அவள் ஹார்லன் ஸ்டம்போவின் வகுப்புக்கு வந்தாள். ஹார்லனுக்குச் சொந்தமாக ஒரு சுடும் கூடம் உண்டு. ஆடைக்குள் மறைத்துக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டுமென்றால் அப்போதெல்லாம் ஒரு நாள் பயிற்சிச் சான்றிதழ் கேட்பார்கள். அதற்கான வகுப்பு அது. சுரங்கத்தில் கூரை சரிந்து என் முழங்கால் போன பிறகு, சனிக்கிழமைகளில் அங்கே வரிசை மேற்பார்வை எனக்கு. சுடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டு, எவனும் எவனையும் சுட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ரோவீனா தன் துப்பாக்கியை ரொட்டிப் பையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். ஓஹையோவுக்கு வேலைக்குப் போன அவள் அண்ணன் போகும்போது கொடுத்தது. சின்னது, நல்ல துப்பாக்கிதான். அதன் இடது பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு நெம்பு இருந்தது. அதுதான் சேஃப்டி. மேலே தள்ளியிருந்தால் விசையை எவ்வளவு இழுத்தாலும் சுடாது. கீழே தட்டினால் சுடும். வலது கையால் பிடிக்கிறவனுக்குக் கட்டைவிரல் தானாக அதன் மேல் போய் உட்காரும். இடது கையால் பிடித்தால் கட்டைவிரல் மறு பக்கத்தில் கிடக்கும், அங்கே ஒன்றும் இருக்காது.

வகுப்பில் அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். "இந்த நெம்பை எப்போ மேல வைக்கணும், எப்போ கீழ தள்ளணும்?"

ஹார்லன் தன் இடுப்பைத் தட்டினான். "என்னோடதுல அந்தக் கருமமே கிடையாது, கண்ணு. இதோ பாரு." ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினான். "என் சேஃப்டி இதுதான். சுடணும்னு தோணாத வரைக்கும் விரலை விசை மேல வைக்காதே. முடிஞ்சுது கதை."

"என்னோடதுல இருக்கே. நான் என்ன பண்ண?"

"கீழ தள்ளிட்டு மறந்துடு."

"வீட்டுல ஆறு வயசுப் பொண்ணு இருக்கா. என் கைப்பையைக் குடையறதுதான் அவளுக்குப் பொழுதுபோக்கு. கீழ தள்ளிட்டு நான் மறக்கறதா?"

"அப்போ மேல வச்சிக்கோ" என்றான் ஹார்லன். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். இருபது வருஷமாக அவன் நடத்துவது ஒரே பாடம்தான். அது அவனுடைய துப்பாக்கிக்கான பாடம்.

மத்தியானம் சுடுகிற பகுதி. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கூடத்தில் யாரும் உறையிலிருந்து துப்பாக்கியை உருவிச் சுடக் கூடாது. இரண்டு வருஷம் முன்னால் ஒருத்தன் சண்டியர் மாதிரி உருவி, தன் தொடையைத் தானே ஓட்டை போட்டுக்கொண்டான். இன்சூரன்ஸ்காரர்கள் வந்து தடை போட்டுவிட்டுப் போனார்கள். ஆகவே துப்பாக்கி முன்னாலிருக்கும் மேஜையில் கிடக்கும். நான் குரல் கொடுத்ததும் எடுக்க வேண்டும், நிதானமாகக் குறி பார்த்துச் சுட வேண்டும், திரும்ப மேஜையில் வைக்க வேண்டும். ஆபத்து வரும்போது எவனும் உனக்கு மேஜை போட்டுத் தரப்போவதில்லை. இது எனக்கும் தெரியும், ஹார்லனுக்கும் தெரியும். தெரிந்துதான் சான்றிதழ் கொடுத்தோம்.

நான் குரல் கொடுத்தேன். ஐந்து பேர் சுட ஆரம்பித்தார்கள். ஆறாவது தடத்தில் ரோவீனா இடது கையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு நெம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். கட்டைவிரலை மேலே கொண்டுவந்தாள், எட்டவில்லை. பிடியை மாற்றினாள். துப்பாக்கியின் வாய் பக்கத்துத் தடத்தை நோக்கித் திரும்பியது. எனக்கு உயிரே போயிற்று.

"ஏய், ஏய்! நேரா பிடி!" அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, என் விரலால் அந்த நெம்பைத் தட்டிவிட்டேன். "ம், இப்போ சுடு."

சுட்டாள். அடேயப்பா! பத்துக்குப் பத்தும் இலக்குத் தாளில் வரைந்திருந்த ஆளின் நெஞ்சில். அடுத்த சுற்றுக்கு அவள் எடுக்கும்போதே நான் பின்னால் போய் நின்று தட்டிவிட்டேன். அடுத்ததற்கும். அடுத்ததற்கும். ஐந்து சுற்றும் நான்தான் தட்டிவிட்டேன். இன்னொரு பிரிவு வெளியே காத்துக்கொண்டிருந்தது, மணி நாலாகிவிட்டது, அவள் ஒருத்திக்காக வரிசையை நிறுத்த முடியுமா என்று அப்போது தோன்றியது. ஐம்பதில் நாற்பத்தெட்டு. ஹார்லன் இலக்குத் தாளைத் தூக்கிப் பிடித்து, "ஆம்பளைங்க எல்லாம் இதைப் பார்த்து வெக்கப்படுங்கடா" என்றான். சான்றிதழில் அவன் பயிற்சியாளர் என்று கையெழுத்துப் போட்டான். நான் மேற்பார்வை என்று போட்டேன்.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னய்யா ரஸ், நாற்பத்தெட்டுல உனக்குப் பாதி சேரும். நெம்பு தட்டினது பூரா நீதானே? டெல்பர்ட் வந்து நிக்கும்போது உன்னைக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க முடியுமா?"

"பழகிக்கலாம் பொண்ணே. உருவணும், தட்டணும், இழுக்கணும். ஆயிரம் தடவை பண்ணினா கை தானா செய்யும்."

"யாரு சொல்லித் தருவா? உள்ள உருவக் கூடாதுங்கறீங்க."

"எங்க கொல்லைக்கு வா. குண்டு இல்லாம பழகலாம். அடுத்த சனிக்கிழமை."

அடுத்த சனிக்கிழமை தேவாலயத்தில் விருந்து. அதற்கடுத்த வாரம் கொட்டகைக் கூரை ஒழுகியது. அதற்கடுத்த வாரம் பல்கலைக்கழகக் கால்பந்தாட்டம் டிவியில். அம்மாவைப் பார்க்க முதியோர் இல்லத்துக்குப் போகும்போதெல்லாம் அவள் சமையலறைக் கதவிலிருந்து தலையை நீட்டி, "வாத்தியாரே, அடுத்த சனிக்கிழமை எந்த வருஷத்துல வருது?" என்று கேட்பாள். நான் சிரித்து மழுப்புவேன். என் பெண்டாட்டி இமோஜீன் வீட்டில் பிடிபிடியென்று பிடித்தாள். "ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் அந்தப் பொண்ணுக்காக உக்கார முடியாதா உன்னால?"

அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இமோஜீனே அவளைக் கூட்டிவந்து கொல்லையில் நிறுத்திவிட்டாள். துப்பாக்கியைக் காலி செய்து, இரண்டு தடவை பார்த்து உறுதி செய்துகொண்டு ஆரம்பித்தோம். இடது கைக்காரி ஆள்காட்டி விரலை மடக்கிப் பின்னால் கொண்டுபோய்த்தான் அந்த நெம்பைக் கீழே இழுக்க வேண்டும். இல்லையென்றால் வலது கையைக் கொண்டுவர வேண்டும். இரண்டும் அவளுக்கு வரவில்லை. கோட்டுப் பையிலிருந்து உருவுவாள், நீட்டுவாள், இழுப்பாள், நெம்பு மேலேயே இருக்கும். எண்ணினேன். இருபது தடவையில் மூன்று தடவைதான் தட்டினாள். அந்த மூன்றும் நிதானமாக, நாக்கைக் கடித்துக்கொண்டு செய்தவை.

"அண்ணன் கொடுத்தான்னு இதைக் கட்டிக்கிட்டு அழறேன்" என்றாள். "வேற வாங்கிடவா?"

"இது போதும். தினம் ராத்திரி ஐம்பது தடவை பண்ணு. வந்துடும்."

"காலையில நாலரைக்கு எழுந்திரிக்கறேன்யா. பொண்ணைத் தூங்க வச்சதும் நானும் கட்டை மாதிரி விழுந்துடறேன்." மழை தூற ஆரம்பித்தது. "சரி, அடுத்த ஞாயிறு வரட்டா?"

வரச் சொன்னேன். அடுத்த ஞாயிறு மான் வேட்டைக்கு மரத்தில் மேடை கட்ட ஹார்லனோடு மலைக்குப் போய்விட்டேன். அதற்கடுத்த ஞாயிறும்.

டெல்பர்ட் வெளியே வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்தில் நன்றி தெரிவிக்கும் பண்டிகை வாரத்தின் திங்கட்கிழமையன்று மான் வேட்டை திறக்கும். அந்த வாரம் பள்ளிக்கூடம் கிடையாது, சுரங்கத்தில் பாதி ஆள் கிடையாது, ஷெரிப்பின் ஆட்களில் பாதிப் பேர் மரத்தின் மேல் இருப்பார்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவன் தலை காட்டவில்லை. தென்பக்கம் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டான் என்று பேசிக்கொண்டார்கள். ரோவீனா மகள் கெண்ட்ராவை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். முதியோர் இல்லத்தின் வாசலில் ஆயுதங்களுக்கு அனுமதி இல்லை என்று போர்டு தொங்கும். அதனால் தினமும் அவள் சேஃப்டியை மேலே தள்ளி, துப்பாக்கியைக் கார்ப் பெட்டியில் பூட்டிவிட்டு உள்ளே போவாள். வெளியே வந்ததும் எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வாள்.

அன்று விடிந்ததிலிருந்து மலை முழுக்க வெடிச்சத்தம். நானும் ஹார்லனும் மட்லிக்குக்கு மேலே இருக்கிற முகட்டில் இருந்தோம். கீழே ரோவீனா வீட்டுத் தகரக் கூரை மரங்களுக்கு நடுவே தெரியும். இரண்டே முக்காலுக்குக் கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. நாள் முழுக்கக் கேட்டதெல்லாம் ரைபிள். இது கைத்துப்பாக்கி. எனக்கு வித்தியாசம் தெரியாதா? நன்றாகத் தெரிந்தது. அடிபட்டு விழுந்த மானைப் பக்கத்தில் போய்க் கைத்துப்பாக்கியால் முடித்துவைப்பது எங்கள் வழக்கம். ஹார்லன் என்னைப் பார்த்தான்.

"எவனோ முடிச்சுட்டான்டா" என்றேன் நான். "நமக்கு அதிர்ஷ்டம் இல்ல."

கறி வைத்துச் சுட்ட பெப்பரோனி ரோலை எடுத்துத் தின்றோம். இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ரோவீனா தன் வீட்டு வாசல்படியில் குண்டடிபட்டு ஒன்றரை மணி நேரம் உயிரோடு கிடந்திருக்கிறாள் என்று பிறகு டாக்டர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரியும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். யாருக்கோ மான் மாட்டியது என்று நினைத்துத் துணி மடித்திருக்கிறாள். பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் இறங்கி வந்தபோது போலீஸ் விளக்குகள் சுழன்றுகொண்டிருந்தன. இமோஜீன் எங்கள் முற்றத்தில் கெண்ட்ராவைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள்.

வசந்த காலத்தில் விசாரணை நடந்தது. டெல்பர்ட் கோட்டு மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தான். மகளைப் பார்க்கத்தான் போனானாம். அவள் காரிலிருந்து இறங்கினதுமே துப்பாக்கியை நீட்டினாளாம்.

"ரெண்டு தடவை இழுத்தா. என் கண்ணு முன்னாடி இழுத்தா. 'ரோ, சேஃப்டி மேல இருக்கு'ன்னு நானே சொன்னேன். அப்புறம் பயத்துல பிடுங்கினேன். என்னமோ ஆயிடுச்சு."

நீதிமன்றத்தில் பலர் தலையை ஆட்டினார்கள். சேஃப்டி மேலே இருப்பதைப் பார்த்தவன், துப்பாக்கி சுடாது என்று தெரிந்தவன், கையில் வாங்கியதும் நெம்பைக் கட்டைவிரலால் தட்டியிருக்கிறான். தட்டாமல் அது எப்படி வெடிக்கும்? அவன் வலது கைக்காரன். சின்ன வயசிலிருந்து துப்பாக்கியோடு வளர்ந்தவன்.

ஆனால் அவன் வக்கீல் கெட்டிக்காரர். என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். ரோவீனாவின் இலக்குத் தாளைத் தூக்கி ஜூரிக்குக் காட்டினார். நெஞ்சில் நாற்பத்தெட்டு ஓட்டை.

"இவ்வளவு நல்லா சுடுறவங்க உங்க வகுப்புல எத்தனை பேருங்க?"

"கம்மி."

"பயிற்சி எடுத்த ஒருத்தருக்கு அந்த சேஃப்டியைத் தட்ட எவ்வளவு நேரம் ஆகும்?"

"அரை செகண்டு."

"ஆக, என் கட்சிக்காரருக்கு அந்த அரை செகண்டுதான் இருந்துச்சு. அவங்க தட்டியிருந்தா இவரு பிணம். சரி, கடைசியா ஒண்ணு." சான்றிதழை என் முன்னால் வைத்தார். "ரோவீனா கட்லிப் பயிற்சி எடுத்தவங்கதானே? இது உங்க கையெழுத்துதானே?"

ஹார்லன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். முந்தின நாளே சொல்லியிருந்தான்: "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுடா ரஸ். கூடுதலா ஒரு வார்த்தை வந்தா என் கூடம் போச்சு. உன் பேரும்தான் அதுல இருக்கு." அவனைக் குறை சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. எனக்கே பயம். அத்தனை பேர் முன்னால், அந்த நாற்பத்தெட்டும் என் விரலால் தட்டிவிட்டுச் சுட்டவை, அவளுக்கு இருபதில் மூன்று தடவைதான் வந்தது, அரை செகண்டு என்ன அரை மணி நேரம் கொடுத்திருந்தாலும் அவள் பயத்தில் தட்டியிருக்க மாட்டாள், இது டெல்பர்ட்டுக்குத் தெரியும், ஒன்பது வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அவள் எந்தக் கைக்காரி என்று தெரியாதா என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமாம்" என்றேன்.

அரசாங்க வக்கீல் ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேள்வி எதுவும் இல்லை என்றார். என்னை இறங்கச் சொன்னார்கள்.

திட்டமிட்ட கொலை இல்லை, ஆத்திரத்தில் நடந்தது என்று ஜூரி முடிவு செய்தது. பன்னிரண்டு வருஷம். எங்கள் மாநிலத்தில் ஒழுங்காக நடந்துகொண்டால் பாதிதான். இமோஜீன் அன்று வீட்டுக்கு வரும் வழியில், "இருபதுல மூணுன்னு சொன்னியா?" என்று கேட்டாள். நான் ரேடியோவைத் திருகினேன். கெண்ட்ராவை ஓஹையோ மாமா வந்து கூட்டிப்போனார். ஹார்லனின் கூடம் நன்றாக நடக்கிறது. நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன், அதனால் யாருக்கு என்ன லாபம்?

போன மாசம் பெட்ரோல் பங்கில் காபி வாங்கிக்கொண்டிருந்தேன். யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டார்கள். டெல்பர்ட். கொஞ்சம் சதை போட்டிருக்கிறான். கையை நீட்டினான்.

"ரஸ், உன்னைப் பார்த்துச் சொல்லணும்னு இருந்தேன். அன்னைக்குக் கோர்ட்டுல உள்ளதை உள்ளபடி சொன்னியே, ரொம்ப நன்றி. நீ மட்டும் இல்லன்னா ஆயுசு பூரா உள்ளதான் கிடந்திருப்பேன்."

கையிலிருந்த காபியை அவன் மூஞ்சியில் ஊற்றியிருக்கலாம். கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

"பரவாயில்ல டெல்பர்ட்" என்றேன்.